செல், ஊக்கு, எனாமல் கம்பி: ஓடுகிற மோட்டார் ஒன்று செய்யலாம்

மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவது என் தொழில். கோயம்புத்தூரில் பம்புசெட்டு, கிரைண்டர், மிக்ஸி என்று புகைந்துபோய் வருவதெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். வேலை பழக வரும் பையன்களை முதலில் இந்தக் குட்டி மோட்டாரைத்தான் செய்யச் சொல்வேன்.

பெரிய டார்ச் செல் ஒன்று (1.5 வோல்ட்), ஊக்கு இரண்டு, அகலமான ரப்பர் பேண்டு, கருப்பு வட்டக் காந்தம், 24 கேஜ் எனாமல் கம்பி ஒன்றரை மீட்டர். இவ்வளவு போதும். லித்தியம் செல், மொபைல் பேட்டரி, வீட்டு பிளக் எதுவும் வேண்டாம்.

கம்பியைச் செல்லின் மேலேயே 10 சுற்று சுற்றி வளையமாக உருவுங்கள். இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வளையத்தின் மேல் இரண்டு முறை சுற்றி இறுக்கி, நேராக வெளியே நீட்டிவிடுங்கள். அதுதான் அச்சு. கோணலாக இருந்தால் ஓடாது. ரப்பர் பேண்டால் ஊக்குகளைச் செல்லின் இரு முனையிலும் அழுத்திக் கட்டி, சுருள் துளை மேலே வரும்படி நிறுத்துங்கள். அந்தத் துளைகளில் அச்சு உட்காரும். செல்லின் முதுகில் காந்தம். வளையம் காந்தத்தில் தட்டாமல், ஆனால் அதை ஒட்டினாற்போல் சுழல வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். எனாமல் கம்பி பார்க்க வெறும் செம்பு போல மினுங்கும், ஆனால் மேலே வார்னிஷ் பூச்சு இருக்கிறது. சுரண்டாமல் மாட்டினால் கரண்டு போகாது. ஒரு முனையை உப்புத்தாளால் சுற்றிலும் சுரண்டிவிடுங்கள். மறு முனைக்கு வளையத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேல் பாதியை மட்டும் சுரண்டுங்கள். கீழ்ப் பாதியில் பூச்சு அப்படியே இருக்கட்டும்.

ஏன் பாதி? இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினால், வளையம் அரைச் சுற்று திரும்பியதும் காந்தம் அதைப் பின்னாலேயே தள்ளும். ஆடிக்கொண்டே நிற்கும். பாதிப் பூச்சு இருந்தால் அந்த அரைச் சுற்றுக்குக் கரண்டு அறுந்துவிடும், வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிவிடும். வளையத்தைப் படுக்கவைத்துச் சுரண்டினாலும் வேலைக்கு ஆகாது. “அண்ணா, காந்தம் சரியில்லை” என்று பையன்கள் வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். காந்தத்தை மாற்றாமல் உப்புத்தாளை எடுத்துக் கொடுப்பேன்.

மாட்டிய பிறகு விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். ஓடும். சில நொடிகளில் கழற்றிவிடுங்கள், கம்பி சூடாகும். இந்தக் கம்பியின் மின்தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குதான். 1.5 வோல்ட்டை 0.1-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். டார்ச் செல்லுக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை (உள்தடை) அவ்வளவு விடாது, நமக்கு அதுதான் பாதுகாப்பு. லித்தியம் செல்லுக்கு உள்தடை மிகக் குறைவு, அது கொட்டித் தீர்த்துவிடும். வேண்டாம் என்றது அதனால்தான்.

திசைகாட்டி இருந்தால் காந்தத்தைத் தூர வைத்துவிட்டு, கரண்டு ஓடும் கம்பியின் கீழே ஒரு நொடி பிடித்துப் பாருங்கள். முள் திரும்பும். 1820-ல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கவனித்தது இதைத்தான். கரண்டு ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. நம் வளையம் சுழல்வதும் அதனால்தான்.

அப்புறம் காந்தத்தைக் கவிழ்த்து வையுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றும். செல்லை மாற்றிப் போட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய திசைக்கே வந்துவிடும். மிக்ஸியில் காந்தத்துக்குப் பதிலாக ஃபீல்டு காயில் என்ற அசையாத கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் அதே கரண்டுதான் நடுவில் சுழலும் ஆர்மேச்சரிலும் ஓடுகிறது. நம் வீட்டுக் கரண்டு நொடிக்கு 100 முறை திசை மாறினாலும், இரண்டும் ஒன்றாகவே மாறுவதால் மிக்ஸி ஒரே பக்கமாகச் சுற்றுகிறது.