பெர்லினில் முதல் இரண்டு வாரங்கள்: முகவரிப் பதிவிலிருந்து தொடங்குங்கள்

பெர்லினில் படிக்க வந்திறங்கும் மாணவர் வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கை, குடியிருப்பு அனுமதி என்று ஒரே நேரத்தில் பல பக்கமும் அலையத் தொடங்குகிறார். இவற்றில் பலவும் ஒரே தாளைக் கேட்டு நிற்கின்றன என்பதை முன்பே அறிந்தவருக்கு அலைச்சலில் பாதி குறையும். நீங்கள் இன்ன முகவரியில் வசிக்கிறீர்கள் என்று நகர நிர்வாகம் தரும் பதிவுச் சான்றிதழ்தான் அந்தத் தாள். அதைப் பெறுவதற்கான பதிவை அங்கே ‘அன்மெல்டுங்’ என்பார்கள்.

வீட்டில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையொப்பமிட்ட குடியேற்ற உறுதிச் சான்று ஆகிய மூன்றும் போதும். பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவது இந்த மூன்றாவது தாளில்தான். வாடகை ஒப்பந்தம் வேறு, இந்த உறுதிச் சான்று வேறு. ஒப்பந்தத்தைக் காட்டினால் அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. சில வாரங்களுக்கென்று எடுக்கும் விடுதி அறைகளுக்கும், உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடப்படும் அறைகளுக்கும் இச்சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ அறை தேடும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பாகவே, இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறையை நேரிலோ நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. முன்பணமும், வெப்பமூட்டல் போன்ற கூடுதல் செலவுகளைச் சேர்க்காத மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது.

பதிவு நடக்கும் ‘பியூர்கர்அம்ட்’ எனப்படும் குடிமக்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். அந்த நேரம் எளிதில் கிடைக்காது. ஆனால் பெர்லினின் 12 மாவட்டங்களில் எங்குள்ள அலுவலகத்துக்கும் செல்லலாம் என்பதால், வீட்டருகில் இடமில்லையென்று காத்திருக்காமல், ஒரு மணி நேரப் பயணமானாலும் முதலில் கிடைக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் கைவிட்ட நேரங்கள் திடீரென்று திறக்கும் என்பதால், நேரம் பதியும் இணையப் பக்கத்தைக் காலையில் பலமுறை பார்ப்பது பலன் தரும். படிவத்தில் மதம் கேட்கும் இடத்தைக் கவனித்து நிரப்புங்கள். கத்தோலிக்கர் அல்லது புரோட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று பதிந்தால், பிற்காலத்தில் வேலைக்குச் சேர்ந்து வருமான வரி கட்டும்போது, அந்த வரித்தொகையில் 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்படும். உண்மையையே எழுத வேண்டும். விளைவை அறிந்து எழுத வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தமிழ் மாணவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய ஒன்று பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தலைப்பெழுத்தும் பெயருமாக வாழ்ந்துவிட்டு, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரை இறுதியில் சேர்த்துக்கொள்கிறோம். ஜெர்மனியிலோ தபால்காரர் கடிதத்தை வீட்டு எண்ணைப் பார்த்து மட்டும் போடுவதில்லை. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரோடு ஒப்பிட்டே போடுகிறார். அங்கே ஒரு பெயரும் கடிதத்தில் வேறொரு பெயரும் இருந்தால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, பதிவுக்குப் பின் வரும் 11 இலக்க வரி எண் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. எனவே குடியேறும் நாளன்றே, கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தலைப்பெழுத்து மட்டும் போதாது. பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதை மோசடி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மாதம் 18.36 யூரோ என்னும் அக்கட்டணம் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டிவந்தால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும்.

விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், போட்டுவைத்த பணம் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் நடப்புக் கணக்குக்கு வரும். அந்த நடப்புக் கணக்கைத் திறக்கவே பல வங்கிகள் பதிவுச் சான்றிதழ் கேட்பதால், முதல் மாதச் செலவுக்கும் வாடகைக்கும் போதுமான பணத்தைத் தனியாகக் கொண்டுவருவது அவசியம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பயணக் காப்பீடு போதாது. மாணவர் மருத்துவக் காப்பீட்டை எடுத்தால், காப்பீட்டு நிறுவனமே அதைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு வழியில் தெரிவித்துவிடும்.

பெர்லின் போக்குவரத்துக் கட்டணம் ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால், முதல் நாள் ரயிலுக்கு மூன்று மண்டலங்களுக்கும் செல்லும் ஏபிசி சீட்டு வாங்க வேண்டும். காகிதச் சீட்டில் முன்பே முத்திரை அச்சிடப்பட்டிராவிட்டால், நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை; ஆனால் பரிசோதகர் கையில் அகப்பட்டால் 60 யூரோ தண்டம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு வந்திறங்குபவர்களுக்கு மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளே கைகொடுக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். ஊர் நினைவு வாட்டும் வாரங்களில் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள்; அங்கே காதில் விழும் தமிழே பெரிய ஆறுதலாக இருக்கும்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும், நுழைவு விசாவின் கடைசி நாளைப் பார்த்துக்கொண்டு, அது முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பித்ததற்கான உறுதிச் செய்தியை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.