ஸ்டாண்ட்-அப் கூட்டத்தை உருப்படியாக நடத்துவது எப்படி?

"நேற்று பில் ஸ்கிரீன் வேலை பார்த்தேன் சார். இன்றைக்கும் அதேதான். பிளாக்கர் எதுவும் இல்லை."

வேலூர், காட்பாடி பக்கம் சின்ன மென்பொருள் டீம்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்று வரியும் மனப்பாடமாக இருக்கும். பிளாக்கர் என்றால் வேலையை நகரவிடாத தடை. சொல்கிறவர் டீம் லீடின் முகத்தையே பார்க்கிறார். மற்றவர்கள் தங்கள் முறைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படி நடந்தால் அது வருகைப் பதிவேடுதான். இன்றைக்கு எதை முடிக்கிறோம், அதற்கு யார் யாரோடு சேர வேண்டும் என்று டீமே தினமும் சில நிமிடம் நின்றபடி பேசி முடிவெடுக்கத்தான் ஸ்டாண்ட்-அப். புதிதாக ஒரு டீமில் சேர்ந்தவர்களும், முதல்முறை லீட் ஆனவர்களும் கீழே உள்ளபடி செய்து பார்க்கலாம்.

முதலில் இலக்கை எழுதி ஒட்டுங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு ஆர்டர் பார்க்கும் மென்பொருள் செய்யும் ஐந்து பேர் டீம் என்று வைத்துக்கொள்வோம். "கட்டிங் சூப்பர்வைசர் அன்றைய ஆர்டரைத் தன் போனிலேயே பார்க்க வேண்டும்" என்பது இந்த ஸ்பிரின்ட்டின் (சில வாரங்களுக்கு என்று பிரித்துக்கொண்ட வேலைக் காலம்) இலக்கு. ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக, அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் வைக்கும் போர்டின் தலையில் அதை எழுதிவிடுங்கள். இலக்கு கண்ணில் படாவிட்டால் அவரவர் வேலையை அவரவர் சொல்லிவிட்டுப் போவதுதான் நடக்கும்.

ஆளைக் கேட்காதீர்கள், கார்டைக் கேளுங்கள்

எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருவது இந்த ஒரு மாற்றம்தான். வட்டமாக நின்று ஒவ்வொருவராகப் பேசுவதை விட்டுவிட்டு, போர்டின் வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக வாருங்கள். 'முடிந்தது' கட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும் கார்டை முதலில் பேச வேண்டும். டெஸ்டிங், அப்புறம் ரிவ்யூ (ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது), அப்புறம் நடந்துகொண்டிருப்பவை. புதிதாக எடுக்க வேண்டியவை கடைசியில்தான்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கேள்வி: "இது இன்றைக்கு நகர என்ன வேண்டும்?"

"சைஸ் வாரியாகப் பிரிக்கிற கார்டு திங்கள்கிழமையிலிருந்து ரிவ்யூவிலேயே நிற்கிறது அண்ணா. அது வந்தால்தான் நான் டெஸ்ட் பண்ண முடியும்."

"சரி, புது ஸ்கிரீனை நான் மதியம் ஆரம்பிக்கிறேன். முதலில் இதைப் பார்த்துவிடுகிறேன்."

இவ்வளவுதான். ஒருவருடைய அன்றைய திட்டம் மாறியது, தேங்கிய வேலை நகர்ந்தது. பழைய முறையில் கேட்டிருந்தால் இருவருமே "பிளாக்கர் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். நேற்று, இன்று, தடை என்ற மூன்று கேள்விகள் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். இப்படி ஸ்பிரின்ட்டுகளாகப் பிரித்து வேலை செய்யும் முறைக்குப் பெயர் ஸ்க்ரம். அதற்கு கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய கையேட்டின் 2020 பதிப்பில் அவை இல்லவே இல்லை. 15 நிமிட வரம்பு இருக்கிறது. எப்படிப் பேசுவது என்பதை டெவலப்பர்களே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சிக்கிக்கொண்டதைச் சொல்ல வழி செய்யுங்கள்

கல்லூரி முடித்து நேரே வந்த பிள்ளைகள் எல்லார் முன்னாலும் "தெரியவில்லை" என்று சொல்லத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரை நாளுக்கு மேல் ஒரே இடத்தில் சுற்றினால் சொல்லியே ஆக வேண்டும் என்று டீமுக்கு ஒரு விதி வையுங்கள். லீட் தான் சிக்கியிருப்பதை முதலில் சொல்லட்டும். "இந்த ஏபிஐ ஏன் காலியாகத் திரும்பி வருகிறது என்று புரியவில்லை, யாராவது கூட உட்காருங்கள்" என்று சீனியரே கேட்டால், அடுத்த நாள் ஜூனியருக்கும் வாய் திறக்கும்.

நீளும் பேச்சை ஓரம் கட்டுங்கள்

இரண்டு பேருக்கு மட்டும் வேண்டிய விவாதம் தொடங்கினால், போர்டின் மூலையில் அதைக் குறித்துவிட்டு அடுத்த கார்டுக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு பேர் மட்டும் இருந்தால் போதும்.

நேரம், இடம்

தினமும் ஒரே நேரம். அது காலை 9 மணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குப் போகிறவர் டீமில் இருந்தால், அவர் இறங்கி உட்கார்ந்த பிறகு 11 மணிக்கு வையுங்கள். ஒருவர் வெளியூரிலிருந்து சேர்ந்தாலும் எல்லாரும் திரையில் ஒரே போர்டைப் பாருங்கள். மேனேஜர் வந்தால் கேட்கட்டும். அவருக்கு வேண்டிய நிலவரம் போர்டிலேயே இருக்கும்.

இரண்டு வாரம் இப்படி நடத்திவிட்டு ரெட்ரோவில் (எப்படி வேலை செய்தோம் என்று டீம் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஸ்டாண்ட்-அப்பில் கேட்ட ஏதாவது ஒன்றால் அன்றைய வேலையை மாற்றிக்கொண்டவர்கள் யார்?" ஒரு கைகூட உயரவில்லை என்றால், கார்டுகள் ரொம்பப் பெரிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வாரம் முழுக்க 'நடக்கிறது' கட்டத்திலேயே நிற்கும் கார்டைப் பற்றித் தினமும் பேச ஒன்றும் இருக்காது. அதை ஓரிரு நாளில் முடிகிற துண்டுகளாக உடைத்துவிட்டு மறுபடி நடத்துங்கள்.