இரட்டை பூட் லேப்டாப்பில் பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது செய்யக்கூடாதவை

பாலக்காடு, மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தமிழ் வீடுகளில் விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருப்பதைப் பார்க்கலாம். பள்ளிப் பாடத்துக்கு கைட் லினக்ஸ் (கேரளப் பள்ளிகளுக்கான லினக்ஸ்), மற்ற வேலைக்கு விண்டோஸ். முதலில் லினக்ஸுக்கு 30 ஜிபி பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதி, விட்டிருப்பார்கள். அது நிரம்பியதும் அளவை மாற்ற அவசரமாகக் கை வைப்பார்கள்.

சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். 50 ஜிபி எடுக்க 51200 என்று கொடுக்க வேண்டும். அங்கே கணக்கு எம்பியில். காலி இடம் இருந்தும் சுருங்க மறுத்தால், பேஜ் ஃபைலும் (ராம் போதாதபோது உதவுவது) ஹைபர்னேஷன் ஃபைலும் (அணைக்கும்போது ராமில் இருப்பதைச் சேமிப்பது) வழியில் கிடக்கும். இரண்டையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிவைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். சி-யைச் சுருக்கினால் காலி இடம் லினக்ஸுக்கு இடப்பக்கம் விழும். பார்ட்டிஷன் மாற்றும் லினக்ஸ் கருவியான ஜிபார்ட்டெடில் லினக்ஸ் பார்ட்டிஷனை இடப்பக்கம் இழுத்தால், அதன் தொடக்கமே மாறுகிறது. உள்ளே இருக்கும் டேட்டா முழுவதும் இடம்பெயர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனாலோ, பொறுமையிழந்து கேன்சல் அழுத்தினாலோ, பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில் என்று நின்றுவிடும். துலா மாதத்தில் (ஐப்பசி) மதியத்துக்கு மேல் இடி இறங்கும் ஊர்களில் இந்த வேலையைக் காலையில், பேட்டரி முழுக்க ஏறிய பிறகு தொடங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, இழுக்காமலே இருப்பது. அந்தக் காலி இடத்தில் புதிய எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷன் போட்டு, உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அங்கே மாற்றிவிடலாம். பழையது அப்படியே இருக்கும்.

இழுத்தே ஆக வேண்டுமானால் லைவ் யுஎஸ்பியிலிருந்து (லினக்ஸை நேராக இயக்கும் பென் டிரைவ்) செய்யுங்கள். பார்ட்டிஷன் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஸ்வாப் (ராமுக்குத் துணையாக லினக்ஸ் பயன்படுத்தும் பகுதி) என்றால் ஸ்வாப் ஆஃப், மற்றது என்றால் அன்மவுன்ட் கொடுங்கள். ஸ்வாப் தடையாக இருக்கிறதென்று அழித்துப் புதிதாகப் போட்டால் அதன் யுயுஐடி, அதாவது அடையாள எண், மாறிவிடும். பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புதிய எண்ணை எழுதாவிட்டால் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்துக் கிடக்கும்.

100 எம்பி அளவில் ஃபேட்32 ஆக ஒரு சின்னப் பார்ட்டிஷன் தெரியும். வேண்டாத துண்டு என்று அழித்துவிடாதீர்கள். இரண்டு சிஸ்டமும் பூட் ஆவது அதிலிருந்துதான்.