பாதியாவில் ஆடு மேய்ப்பு: யோசனை சொல்ல வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிரியாவின் பரப்பில் பாதிக்கும் மேல் பாதியா என்ற வறண்ட புல்வெளிதான் (பெயர் நம் காதில் கேள்வி மாதிரி விழும், என்ன செய்ய!). ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர், ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் கீழே. இங்கே அவாசி என்ற கொழுத்த வால் செம்மறிகளை மேய்க்கிற பெதூயின் என்ற நாடோடி அரபு மக்களைப் பார்த்து வெளியிலிருந்து வந்தவர்கள் முதலில் சொல்வது, “இவர்கள் பாட்டுக்கு அலைகிறார்கள், ஓரிடத்தில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்” என்பது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ஒரு பள்ளத்தாக்கில் பெய்த மழை அடுத்த பள்ளத்தாக்கில் பெய்திருக்காது, போன வருடம் புல் இருந்த இடம் இந்த வருடம் கட்டாந்தரை. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் புல்வெளி, கோடையில் மேற்கே அறுவடை முடிந்த வயல்களின் தாள் என்று அவர்கள் போவது மழைக்கணக்கைப் பார்த்துத்தான். ஆகவே ஹெக்டேருக்கு இத்தனை ஆடு என்று சராசரி போட்டு எழுதித் தருவது காகிதத்தில் மட்டும் அழகு.

அடுத்தது, வேலி இல்லாததால் நிலத்துக்கு ஆளே இல்லை என்று நினைப்பது. இதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். இஸ்லாத்துக்கும் முந்தைய ஹிமா என்ற ஏற்பாட்டில், எந்த இடத்தை எப்போது மூடுவது, எப்போது திறப்பது, வெளி மந்தை வரலாமா என்பதையெல்லாம் குலத்தார் பேசி முடிவு செய்தார்கள். 1958-இல் சிரிய அரசு குலங்களுக்கான தனிச்சட்டத்தை நீக்கியது, மேய்ச்சல் நிலம் அரசுடைமையானது, ஆனால் அத்தனை பெரிய வெளியைக் காவல் காக்க அரசிடம் ஆள் ஏது? யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாகிவிட்டது. அதே வருடம் தொடங்கி 1961 வரை நீடித்த வறட்சியில் செம்மறிகளில் ஏறத்தாழ பாதி அழிந்தது, ஒட்டகங்களுக்கு இன்னும் மோசம். அப்புறம் 1960-களின் பிற்பகுதியில் எகிப்திய நிபுணர் ஒமர் திராஸ் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஹிமாவைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உழவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பார்லி போடலாம் என்று புதர்களைப் பிடுங்கி உழுதால், மழை பொய்க்கிற வருடத்தில் பார்லியும் இல்லை, புதரும் இல்லை, மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. 1995-இல் தடையே போட வேண்டியதாயிற்று. விறகுக்காக வேரோடு பிடுங்குவதும் இதே கணக்குதான்.

லாரியும் மானிய விலைத் தீவனமும் நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. வறட்சியில் ஆடு பிழைத்தது அதனால்தான், ஆனால் முன்பெல்லாம் தானாகக் குறைந்துபோகிற மந்தை இப்போது குறையாமலே நின்று, மழை பெய்த மறுவாரமே லாரியில் வந்து இறங்கி, புல் விதை கட்டும் முன்னே மொட்டையடித்துவிடுகிறது. தீவனம் கொடுத்தால் அதை வாங்குகிற மந்தைகள் எப்போது உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கெட்ட நிலத்தைத் திருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, ஆஸ்திரேலியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த உப்புப் புதரை வரிசையாக நட்டு, வேலி போட்டுப் பூட்டிவிடுவது. அந்தப் புதரில் உப்பு அதிகம், அதை மட்டுமே தின்கிற ஆடு தண்ணீருக்குத் தவிக்கும், தண்ணீர் அங்கே எளிதாகக் கிடைக்கிற பொருளா? ரூத்தா என்ற உள்ளூர்ப் புதரை ஆடுகள் விரும்பித் தின்னும். ஆனால் அதன் விதை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது, கிடங்கில் போட்டு வைத்த பழைய விதையைத் தூவிவிட்டு “முளைக்கவே இல்லை” என்று உதட்டைப் பிதுக்கிப் பயனில்லை. வேலியைப் பல வருடம் திறக்காமலே வைத்தால் புதர் முதிர்ந்து கட்டையாகிவிடும், தளிர் வர அளவான மேய்ச்சல் வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஜோர்டானில் ஸர்கா ஆற்றுப் படுகையில் பனி ஹாஷிம் ஊரார் தங்கள் ஹிமாவை எப்போது திறப்பது என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்கிறார்கள்.