தத்துப் பிள்ளையோடு முதல் ரயில் பயணம்

வெளிமாநிலத்திலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து ரயிலில் கூட்டி வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புவனேஸ்வரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 20 மணி நேரம், எங்கள் ஒன்றரை வயது மகள் பாதி வழி அழுதுகொண்டே வந்தாள், புதுச் சட்டை, புது பொம்மை எதையும் தொடவில்லை, குழந்தைகள் இல்லத்து ஆயா கடைசி நிமிஷம் கொடுத்துவிட்ட பழைய போர்வையைப் போர்த்தியதும்தான் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கினாள். அதனால் குழந்தை படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், துவைக்கவே துவைக்காதீர்கள், பழகிய வாசனை போய்விடும். இல்லத்தில் கொடுத்த அதே பால் பவுடர், அதே பாட்டிலே இருக்கட்டும். அப்புறம், ஒடியா மொழியில் தண்ணீருக்குப் ‘பாணி’ என்பார்கள், இப்படி நாலு சொல்லாவது ஆயாவிடமே கற்றுக்கொள்ளுங்கள். இல்லத்தில் தந்த ஒப்படைப்புக் கடிதத்தின் நகல் கைப்பையிலேயே இருக்கட்டும், குழந்தை விடாமல் அழும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சந்தேகப்பட்டுக் கேட்பார்கள், கேட்பதும் நல்லதுதான்.