கரெக்டர் செய்யவே பொழுதுபட்டுப் போகுதா? கெதியாக ஆட்டத்துக்குள் இறங்கும் வழி

போயா லீவு. மல்லாவியிலிருந்து ஒருவர், ஒட்டுசுட்டானிலிருந்து இரண்டு பேர், இன்னும் ஒருவர் எல்லாரும் மாங்குளம் சந்தியில் இறங்கி வந்து ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னம் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஒரு ஆட்டம் ஆடி முடிக்க வேணும். ஆனால் கரெக்டர் ஷீட்டை, அதாவது அவரவர் பாத்திரத்தின் விபரம் எழுதும் தாளைக் கையில் கொடுத்த உடனே, 'இதில எதைப் போட?', 'இது எங்க இருந்து வருது?' என்று தொடங்கி, பகடையை உருட்ட முன்னமே பொழுது சரிந்துவிடும். முதன்முறை வந்த பெடியன் அடுத்த போயாவுக்குத் தலையே காட்ட மாட்டான்.

கரெக்டர் செய்யும் வேலையை அரை மணித்தியாலத்துக்குள் எப்படி முடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. ஆட்டத்தை நடத்துகிறவருக்காக, அதாவது டிஎம்முக்காக எழுதுகிறேன். விளையாட்டே புதிது என்றால் சுருக்கமாக இது: ஒருவர் கதையையும் இடத்தையும் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்மானிக்கும். உதாரணத்துக்கு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுக்கிறேன். பலர் தொடங்கியது அதில்தான்.

ஏன் இவ்வளவு நேரம் போகிறது?

கணக்கில் நேரம் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, நேரம் போவது தெரிவில். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில்வகை, மூன்றுதான் இருந்தது: சண்டைக்காரர், மந்திரக்காரர், பூசகர். மூன்று பகடையை ஆறு தரம் உருட்டி வந்ததை வந்த வரிசையிலேயே எழுதினால் பாதி வேலை முடிந்தது. 2014 புத்தகத்தில் கிளாஸ் 12, இனம் 9, பின்னணி 13. பெருக்கிப் பாருங்கள், 1404 சேர்க்கை. இதற்குள் எண்கள், திறமைகள், ஆயுதங்கள், மந்திரங்கள் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் தெரியாத ஒருவரிடம் இதைக் கொடுத்து 'விரும்பினதை எடும்' என்றால், அவர் எடுக்கமாட்டார், முழித்துக்கொண்டு இருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: தெரிவுகளை நீங்களே முன்கூட்டிக் குறைத்து வையுங்கள். மிச்சம் எல்லாம் அதிலிருந்து வரும்.

படி 1: ஆட்கள் வர முன்னம்

விதிகளை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள். சிக்னல் வரும் என்று நம்பி மேசையில் இருக்க வேண்டாம். இந்த விளையாட்டை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் 5.1 விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கலாம், தமிழில் மாற்றி எழுதியும் பகிரலாம். புத்தகம் வாங்கக் காசு சேரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இந்த ஆட்டத்தில் அதிகம் உருட்டும் 20 பக்கப் பகடையை எங்கள் ஊர்க் கடைகளில் தேடி அலையாதீர்கள். போனில் பகடை ஆப் இருந்தால் சரி. சார்ஜ் இல்லாவிட்டால் 1 முதல் 20 வரை துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு இழுக்கலாம். இழுத்ததைத் திரும்ப உள்ளே போட வேணும், அதை மறந்தால் கணக்குப் பிழைக்கும்.

படி 2: கிளாஸைக் கேட்காதீர்கள், என்ன செய்வீர் என்று கேளுங்கள்

நேரத்தை அதிகம் மிச்சம் பிடிப்பது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

'அண்ணா, இதில எது நல்லது?' என்று கேட்டால் பட்டியலைக் காட்ட வேண்டாம். ஒரு நிலைமையைச் சொல்லுங்கள்: 'மழைக்குப் பாலம் உடைஞ்சு கிடக்கு. அந்தப் பக்கம் ஒராள் உதவி கேட்டுக் கத்துது. நீர் என்ன செய்வீர்?'

'இறங்கி நீந்திப் போவன்' என்றால் அவர் ஃபைட்டர் (சண்டைக்காரர்). 'முதல்ல பற்றைக்குள்ள ஆரும் ஒளிச்சு நிக்கிறாங்களோ எண்டு பாப்பன்' என்றால் ரோக் (பதுங்கித் திரிகிறவர்). 'காயம் பட்டிருக்கோ எண்டு கேப்பன்' என்றால் கிளெரிக் (பூசகர்). 'அந்தக் குரல் உண்மையில மனிசற்ற குரலோ?' என்று யோசிப்பவரை விசார்டாக்குங்கள் (மந்திரக்காரர்). அந்த ஆள் எப்படியும் பிறகு உங்களுக்குத் தலையிடிதான்.

தொடங்குகிறவர்களுக்கு இந்த நாலும் காணும். 2014இல் இலவசமாக வந்த அடிப்படை விதிகளிலும் இந்த நாலு கிளாஸ்தான் இருந்தது. பார்ட், வார்லொக் போன்ற மற்றக் கிளாஸ்களைப் பிறகு பார்ப்போம்.

இனத்தையும் இப்போதைக்கு மூடி வைக்கலாம், எல்லாரும் மனிதர். எங்கள் மேசையில் கதை பழைய அடங்காப்பற்றில், அதாவது வன்னியில், வன்னிமைத் தலைவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்த காலத்தில் நடக்கிறது. அங்கே எல்ஃப் போன்ற கற்பனை இனத்துக்கு என்ன வேலை? ஃபைட்டர் குளத்துக் காவல்காரர், ரோக் தேன் எடுக்கக் காட்டுக்குள் போகிறவர், கிளெரிக் பரியாரி, விசார்ட் ஏடு படித்தவர். விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, உடுப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது. கிளெரிக்கின் தெய்வத் துறையை 'டிவைன் டொமைன்' என்று விளக்கப் போனால் பத்து நிமிடம் போகும். 'நீர் பரியாரி' என்றால் ஆளுக்கு உடனே விளங்கும்.

படி 3: எண்களை உருட்டாதீர்கள், அடுக்குங்கள்

பாத்திரத்துக்கு ஆறு எண்கள் உண்டு: பலம், சுறுசுறுப்பு, உடல்தெம்பு, அறிவு, விவேகம், ஆளுமை. நாலு ஆறு பக்கப் பகடையை உருட்டிக் குறைந்ததைக் கழித்துவிட்டு மூன்றைக் கூட்டுவது வழக்கமான முறை. அதை ஆறு தரம் செய்ய வேணும். கையில் இருப்பது லூடோ பெட்டிக்குள் கிடந்த ஒரே ஒரு பகடை என்றால் ஆளுக்கு 24 உருட்டு, நாலு பேருக்கு 96.

விதியிலேயே இதற்குக் குறுக்குவழி இருக்கிறது: 15, 14, 13, 12, 10, 8. இந்த ஆறு எண்ணையும் விரும்பியபடி அடுக்கிக்கொள்ளலாம். உருட்டினால் சராசரி 12.24 வரும், இதன் சராசரி 12. அந்தக் கால்வாசிப் புள்ளிக்காக ஒரு மணித்தியாலத்தைக் கொட்டுவது வீண். ஒருவருக்கு 17உம் இன்னொருவருக்கு 6உம் விழுந்து மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிற கதையும் இல்லை.

எந்த எண் எங்கே என்றும் யோசிக்க விடாதீர்கள். 15ஐ எங்கே போடுவது என்று நீங்களே ஷீட்டில் எழுதி வையுங்கள்: ஃபைட்டருக்குப் பலம், ரோக்குக்குச் சுறுசுறுப்பு, கிளெரிக்குக்கு விவேகம், விசார்டுக்கு அறிவு. 14 யாருக்கென்றாலும் உடல்தெம்புக்கு. மிச்சம் நாலையும் அவரவர் இஷ்டத்துக்கு விடலாம். 'நான் ஆளைப் பேச்சிலேயே மடக்குவன்' என்பவர் 13ஐ ஆளுமையில் போடட்டும்.

2014 விதியில் மனிதருக்கு ஆறிலும் ஒவ்வொன்று கூடும். 2024 திருத்தத்தில் இந்தக் கூட்டல் இனத்திலிருந்து பின்னணிக்குப் போய்விட்டது. இரண்டு பதிப்பையும் கலக்காமல் ஒன்றிலேயே நில்லுங்கள்.

படி 4: கணக்கு, ஒரே மூச்சில்

எந்த எண்ணுக்குப் பகடையோடு எவ்வளவு கூட்டுவது என்று ஷீட்டின் மேல் மூலையில் எழுதி வைத்தால் ஒருவரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை: 8, 9 என்றால் −1, 10, 11 என்றால் 0, 12, 13 என்றால் +1, 14, 15 என்றால் +2, 16, 17 என்றால் +3.

இப்போது ஒரு ஆளைச் செய்து காட்டுகிறேன். முத்தையன்கட்டுக் குளத்தைக் காவல் காக்கிற கதிரன், ஃபைட்டர், முதலாம் லெவல். மனிதருக்குரிய ஒன்றைக் கூட்டிய பிறகு பலம் 16, உடல்தெம்பு 15, சுறுசுறுப்பு 14, விவேகம் 13, ஆளுமை 11, அறிவு 9.

உயிர்ப்புள்ளி: ஃபைட்டருக்கு 10, உடல்தெம்புக்கு +2. ஆக 12.

ஆர்மர் கிளாஸ், அதாவது இவன் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்: சங்கிலிச் சட்டை 16, கேடயம் 2. தற்காப்புச் சண்டைமுறையை எடுத்தால் இன்னொன்று. மொத்தம் 19, இவனை அடிப்பது லேசில்லை. ஆனால் சட்டை சலசலக்கும்; ஒளித்துப் போகப் பார்த்தால் இரண்டு தரம் உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேணும்.

நீள்வாள்: அடி பட 20 பக்கப் பகடையோடு பலத்தின் +3, பயிற்சியின் +2, ஆக +5. பட்டால் 8 பக்கப் பகடையோடு +3.

திறமை இரண்டு: கவனிப்பு, விலங்குகளைக் கையாளுதல். இரண்டும் விவேகத்தின் +1, பயிற்சியின் +2, ஆக +3. இரவில் வயலுக்குள் யானை இறங்கினால் முதலில் கண்டுபிடிக்கிறவன் இவன்தான்.

கடைசியாக, ஆட்டத்தில் ஒரு தரம் மூச்சுப் பிடித்து 10 பக்கப் பகடையோடு 1 கூட்டி உயிரை மீட்கலாம். கொஞ்ச நேரம் இளைப்பாறினால் அந்த வாய்ப்புத் திரும்ப வரும்.

அவ்வளவுதான் கதிரன். பிளேன்டீ ஆற முன்னம் முடிந்துவிட்டது. ஆயுதங்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கும் முறையும் விதியில் இருக்கிறது, அதைப் பக்கத்திலும் விட வேண்டாம். கிளாஸோடு வருகிற பொதியை அப்படியே கொடுங்கள்.

படி 5: மந்திரம் இருப்பவர்கள்

எல்லாரும் முடித்த பிறகும் விசார்ட் மட்டும் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். சின்ன மந்திரம் 3, மந்திரப் புத்தகத்தில் 6, அதில் அன்றைக்குத் தயாராக வைத்திருப்பது எத்தனை என்று ஒரு கணக்கு வேறு. அறிவு 16 என்றால் நாலு.

நீங்களே தெரிந்து கொடுங்கள். சின்ன மந்திரத்துக்கு ஃபயர் போல்ட், லைட், மேஜ் ஹேண்ட். புத்தகத்துக்கு மேஜிக் மிசைல், ஸ்லீப், ஷீல்ட், மேஜ் ஆர்மர், டிடெக்ட் மேஜிக், ஃபெதர் ஃபோல். முதல் நாலையும் தயார் என்று எழுதிவிடுங்கள். கிழித்த நாட்கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு மந்திரம், அதுவும் இரண்டு வரியில்: 'மேஜிக் மிசைல். மூன்று அம்பு, ஒவ்வொன்றும் 4 பக்கப் பகடையோடு 1. குறி தப்பாது.' முதலாம் லெவலில் பெரிய மந்திரம் இரண்டு தரம்தான் போடலாம், பிறகு ஓய்வு வேணும். அதற்கு இரண்டு புளியங்கொட்டை கொடுத்துவிடுங்கள். ஒன்று போட்டால் ஒரு கொட்டையைத் திருப்பித் தர வேணும். விளக்கமே தேவைப்படாது.

பரியாரிக்கு, அதாவது கிளெரிக்குக்கு, லைஃப் டொமைன். பிளெஸ் (ஆசி), கியூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றுதல்) இரண்டும் தானாகவே தயாராக இருக்கும், முதல் நாளுக்கு அதுவே காணும். ரோக்குக்கு மந்திரத் தொல்லை இல்லை.

படி 6: மிச்சத்தை வெறுமையாக விடுங்கள்

ஊர், தாய் தகப்பன், பழைய பகை, உயரம், கண் நிறம் ஒன்றும் இப்போது வேண்டாம். பின்னணியும் அது தருகிற இரண்டு திறமையும் வெறுமையாகவே இருக்கட்டும். ஆட்டத்துக்குள் ஒருவர் 'எனக்குத் தோணி வலிக்கத் தெரியும் எண்டு சொல்லலாமோ?' என்று கேட்பார். அந்த இடத்தில் 'சரி, எங்க பழகினீர்?' என்று கேளுங்கள். 'நந்திக்கடல்ல, மாமாவோட' என்று பதில் வரும். அதை அப்படியே எழுதினால் பின்னணி முடிந்தது. வீட்டிலிருந்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வரும் கதையைவிட இது நன்றாக ஒட்டும் என்பது என் எண்ணம்.

ஒன்றே ஒன்றை மட்டும் தொடங்க முன்னம் கேட்பேன்: வலப்பக்கம் இருக்கிறவரை உமக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கு ஒரு வசனம். 'இவர் என்ர காய்ச்சலை மாத்தினவர்', 'இவனிட்டக் குடுத்த மாடு இன்னும் திரும்பி வரேல்ல'. அந்த மாடு ஒன்றே இரண்டு ஆட்டத்துக்குக் கதை கொடுக்கும்.

அதற்கும் நேரம் இல்லையென்றால்

நாலு ஷீட்டையும் முழுக்க நிரப்பிக் கொண்டுபோங்கள். பெயரை மட்டும் அவர்கள் எழுதட்டும். 'நானே செய்ய வேணும்' என்று நிற்கிற ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார், அநேகமாகக் கணித ரியூசனுக்குப் போகிற ஆள். அவருக்கு முழு விதியையும் முதல் கிழமையே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வீட்டில் ஆசைதீரச் செய்துகொண்டு வரட்டும்.

அல்லது விளையாட்டையே மாற்றலாம். ஜோன் ஹார்ப்பரின் லேசர்ஸ் அன்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம், இலவசம், சாதாரண ஆறு பக்கப் பகடை போதும். 2 முதல் 5க்குள் ஒரு எண்ணைத் தெரிந்து, ஆளின் போக்கையும் வேலையையும் ஒவ்வொரு சொல்லில் எழுதினால் பாத்திரம் தயார். கேர்ன் கொஞ்சம் பெரியது, அதுவும் இலவசம்: மூன்று எண்ணை உருட்டி, விரும்பினால் இரண்டை இடம் மாற்றி, சாமானை எழுதினால் சரி. மறுபக்கம் 1977இல் வந்த டிராவலர் இருக்கிறது. அதில் கரெக்டர் செய்துகொண்டிருக்கும்போதே அந்த ஆள் செத்துப்போகலாம், திரும்பவும் முதலிலிருந்து. ஆசையான விளையாட்டுத்தான், பஸ் பிடிக்க இருக்கிறவர்களுக்குச் சரிவராது.

ஷீட்டை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

ஆட்டம் முடிய ஷீட்டுகளை வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், போனில் படமும் எடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த போயாவில் ஒருவர் 'கொப்பி வீட்டில' என்பார், திரும்ப முதலாம் படி. மூன்றாவது ஆட்டம் வரை எந்த எண்ணையும் திறமையையும் மாற்றலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், தெரிவு செய்யும்போது இருக்கிற பயம் குறையும். அதே ஃபைலில் பெயர் எழுதாத இரண்டு ஷீட்டும் இருக்கட்டும். யாருடைய பாத்திரமாவது நடுவில் செத்தால், அவர் அந்த ஷீட்டில் ஒன்றை எடுத்து, அடுத்த அறையில் கட்டிப்போட்டிருக்கிற கைதியாகத் திரும்ப ஆட்டத்துக்குள் வரலாம்.