கட்சித் தலைவர் தேர்தலில் வாக்குச் சேகரிப்பது எப்படி: காரைக்குடியிலிருந்து சில குறிப்புகள்

கட்சித் தலைவர் பதவிக்கு வாக்குக் கேட்பவர் முதலில் வாக்குரிமை யாருக்கு என்பதை அறிய வேண்டும். காங்கிரஸ் கட்சியில் சாதாரண உறுப்பினர்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. பிரதேச காங்கிரஸ் கமிட்டிப் (மாநிலக் கட்சிக் குழு) பிரதிநிதிகளே வாக்களிக்கின்றனர். அவர்களில் 10 பேர் முன்மொழிந்தால் மனுத் தாக்கல் செய்யலாம்.

எனவே காந்தி சிலை அருகே ஒலிபெருக்கி கட்டுவதில் பயனில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எனப் பிரதிநிதிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் செல்லுங்கள். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சென்று, முகப்புத் திண்ணையில் அமர்ந்து, காப்பி வரும்வரை வேட்பாளரின் பெயரை எடுக்காமல், அந்தப் பிரதிநிதியின் வட்டாரத்தில் கட்சிக்கு என்ன குறை என்று கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, மேலிடம் என்ன சொல்லுது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அதுதான் உங்களுக்கு உண்மையான சோதனை. வாக்கு ரகசியமானது என்பதையும், 2022-இல் எல்லா மாநில வாக்குச்சீட்டுகளையும் கலந்த பின்னரே எண்ணினார்கள் என்பதையும் பொறுமையாக விளக்குங்கள்.

எதிர் வேட்பாளரை ஏசாதீர்கள், நாளை அவரே தலைவராகலாம். அந்த 2022 தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். செல்லாதவை மட்டும் 416. ஆகவே சீட்டில் குறியிடும் முறையைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்.

வாக்குப்பதிவு கட்சியின் மாநிலத் தலைமையகமான சென்னை சத்தியமூர்த்தி பவனில் என்றால், விடியற்காலைப் பல்லவன் ரயிலில் இடம் பிடித்துக் கொடுப்பதும் உங்கள் வேலையே.